ஆழ்கிணற்றின் அடியில் மின்சாரமும் செய்தியும்

அசாமின் திக்பாயில் 1889-ல் தோண்டத் தொடங்கிய எண்ணெய்க் கிணறு, அடுத்த ஆண்டு 662 அடி ஆழத்தில் முடிவுற்றது. இன்று நம் நாட்டில் நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கிணறு அபூர்வமானதல்ல. அவற்றுள் பல நேராக இறங்குவதும் இல்லை. பாதி வழியில் வளைந்து, எண்ணெய் தங்கியுள்ள மெல்லிய பாறை அடுக்கினுள் கிடையாகச் செல்கின்றன. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்திற்கும் மேலாக இறக்குமதி செய்யும் நாட்டில் இத்தகைய கிணறு ஒவ்வொன்றும் பொருளாதார முக்கியத்துவம் உடையது. பாறையை அறுக்கும் துளைமுனை எங்கே இருக்கிறது, எதை அறுக்கிறது என்பதை மேலே உள்ளவர் அறிவது எப்படி? அங்கே உள்ள கருவிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது?

ஒரு கம்பியை உள்ளே விட்டால் போதாதா என்று மாணவர் கேட்கலாம். துரப்பணக் குழாய் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமுள்ள துண்டுகளைத் திருகி இணைத்தே அது இறக்கப்படுகிறது. நான்கு கிலோமீட்டருக்கு 440-க்கும் மேற்பட்ட இணைப்புகள் தேவை. துளையிடும்போது குழாய் முழுவதும் சுழல்கிறது. உள்ளும் புறமும் சேறு பாய்கிறது. சோவியத் யூனியனில் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்மோட்டாரையே கிணற்றின் அடியில் வைத்து, குழாயினுள் கேபிள் அமைத்துத் துளையிட்டுப் பார்த்தனர். கருத்து சிறந்ததே. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் மின்தொடர்பைச் சேறு புகாமல் காப்பது பெருந்தொல்லையாயிற்று. அம்முறை உலகெங்கும் பரவவில்லை.

சேற்றின் பல பணிகள்

விடை சேற்றிலேயே இருந்தது. துரப்பணச் சேறு என்பது நீரில் பென்டோனைட் களிமண்ணையும், எடை கூட்டுவதற்காகப் பாரைட் கனிமத்தையும் கலந்த நீர்மம். (ஆந்திராவின் மங்கம்பேட்டையில் உலகின் பெரும் பாரைட் படிவங்களுள் ஒன்று இருப்பதால், சேற்றுக்கு நாம் பிறரை நம்ப வேண்டியதில்லை, கருவிகளுக்குத்தான் அந்த நிலை.) பம்புகளால் குழாய் வழியே செலுத்தப்படும் இச்சேறு துளைமுனையைக் குளிர்விக்கிறது, பாறைத் துகள்களை மேலே கொண்டுவருகிறது, பாறையிலுள்ள வாயுவின் அழுத்தத்தைத் தன் எடையால் அடக்குகிறது. அதன் ஓட்டத்தாலேயே துளைமுனைக்கு மேலுள்ள மோட்டாரும் சுழல்கிறது. சிறு விசைச்சுழலி ஒன்றை அதே ஓட்டத்தில் வைத்தால் கருவிகளுக்கு வேண்டிய சில நூறு வாட் மின்சாரமும் கிடைத்துவிடும்.

பம்பு நின்றால் விசைச்சுழலியும் நின்றுவிடும் என்பது இதன் குறை. லித்தியம் மின்கலத்துக்கு அக்குறை இல்லை. ஆனால் அது தீர்ந்தால் குழாயை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மும்மூன்று துண்டுகளாகக் கழற்றினால் நான்கு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 150 தொகுதிகள். தொகுதிக்கு நான்கு நிமிடம் என்றால் எடுக்கப் பத்து மணி, மீண்டும் இறக்கப் பத்து மணி. துரப்பண ரிக்கின் நாள் வாடகை 30 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால், ஒரு மின்கலத்தை மாற்றும் செலவு 25 லட்சம் ரூபாய். மின்கலத்தின் விலை இதில் சேரவில்லை.

செய்தியும் சேற்றின் வழியேதான் வருகிறது. அடியிலுள்ள வால்வு ஒன்று ஓட்டத்தைக் கணநேரம் தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்த அழுத்தத் துடிப்பு சேற்றுத் தம்பத்தின் வழியே ஏறத்தாழ மூன்று விநாடியில் மேலே வந்து அழுத்தமானியில் பதிவாகிறது. துடிப்பு உண்டா இல்லையா என்பதே 1, 0 என்னும் இரும இலக்கங்களாகும். 1970-களின் இறுதியில் வணிகமுறையில் வந்த இம்முறையின் வேகம் இன்றும் பொதுவாக விநாடிக்குச் சில இலக்கங்களிலிருந்து சில பத்து இலக்கங்கள் வரையே.

இந்த வேகம் போதுமா? ஒருமுறை அனுப்ப வேண்டிய அளவுகளுக்கு 40 இலக்கங்கள் தேவை, விநாடிக்கு ஓர் இலக்கம்தான் வருகிறது என்று கொள்வோம். கடினப் பாறையில் மணிக்கு 18 மீட்டர் வேகத்தில் துளையிட்டால், அந்த 40 விநாடியில் துளைமுனை 20 சென்டிமீட்டரே முன்னேறும். கவலையில்லை. மென்மையான மணற்பாறையில் மணிக்கு 72 மீட்டர் செல்லும்போது 80 சென்டிமீட்டர் கடந்துவிடும். எண்ணெய் அடுக்கே இரண்டு மீட்டர் கனம் என்றால் இது சிறிய பிழையல்ல.

இங்கே அடிக்கடி கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. அளவிடும் கருவி துளைமுனையிலேயே இருப்பதில்லை. மோட்டாருக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. மணிக்கு 18 மீட்டர் வேகத்தில், 12 மீட்டர் பின்னாலுள்ள கருவி 40 நிமிடத்துக்கு முன் அறுத்த பாறையைத்தான் இப்போது காண்கிறது. செய்தி எவ்வளவு விரைந்து வந்தாலும் இத்தாமதம் தீராது. வேகமான தொடர்புக்குப் பணம் ஒதுக்குமுன், கருவியைத் துளைமுனைக்கு அருகே கொண்டுபோக முடியுமா என்று கேட்பதே முறை.

கம்பி பதித்த குழாய்

குழாய்ச் சுவரிலேயே கம்பியைப் பதித்து, இணைப்புகளில் கம்பிச்சுருள்களால் தூண்டல் முறையில் செய்தியைத் தாண்டவைக்கும் குழாய்கள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வணிகத்துக்கு வந்தன. வேகம் விநாடிக்கு 50,000 இலக்கங்களுக்கும் மேல். விலை மிக அதிகம். ஓர் இணைப்பு பழுதானாலும் தொடர்பு அறுபடக்கூடும். வழக்கமான வகையில் செய்திதான் செல்லும், அடியிலுள்ள கருவிகளை இயக்கும் மின்சாரம் செல்லாது. இரண்டையும் கடத்தும் குழாயை நார்வேயில் உருவாக்கியுள்ளனர்.

எல்லாக் கிணறுகளுக்கும் இது தேவை என்று நான் கருதவில்லை. அளவுகள் யாவும் கருவியின் நினைவகத்தில் பதிவாகின்றன; குழாய் மேலே வந்தபின் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். பழகிய வயலில், கடினப் பாறையில் தோண்டும் கிணற்றுக்குத் துடிப்பு முறையே போதும்.

அழுத்தம் பற்றிய செய்தியை மட்டும் இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆந்திராவின் பாசர்லபூடியில் 1995 ஜனவரி 8-ஆம் நாள் கட்டுமீறி வெடித்த எரிவாயுக் கிணறு 65 நாட்கள் எரிந்தது. செய்தி விரைந்து வந்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கிணற்றினுள் வாயு புகுவதை நிமிடக் கணக்கில் முன்னதாக அறிவது மேடையில் நிற்பவரின் உயிரைப் பொறுத்த விஷயம். பம்பை நிறுத்திக் குழாயை மேலே இழுக்கும் வேளையிலும் வாயு புகக்கூடும். அவ்வேளையில் துடிப்பு முறை மௌனமாகிவிடுகிறது. உயர் அழுத்தப் பகுதிகளில் கம்பிக் குழாயின் விலையை இதை மனத்திற்கொண்டே எடைபோட வேண்டும்.

வெப்பம் மற்றொரு தடை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் சில கிணறுகளின் அடியில் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. லித்தியம் ஏறத்தாழ 180 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். ஆகவே ஒப்பந்தப் புள்ளி கோரும் அதிகாரி, விநாடிக்கு எத்தனை இலக்கம் என்பதற்கு முன், எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் கருவி இயங்கும், துளைமுனையிலிருந்து எத்தனை மீட்டரில் அமையும், பம்பு நின்றபின் மின்சாரம் எதிலிருந்து வரும் என்ற விவரங்களை எழுத்தில் பெறுவது நல்லது.