மனக் காவல்

காவல் இருவகைப்படும். ஒன்று சட்டக் காவல். மற்றொன்று மனக் காவல். சட்டம் எல்லையோடு நின்றுவிடும். எல்லை கடந்து வரும் ஒலியை யார் தடுப்பது?

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகில் உள்ளது கொள்ளுக்குடிப்பட்டி. அவ்வூர்க் கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் 1977ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. மழை பெய்து கண்மாய் நிரம்பினால், நத்தைகுத்தி நாரை முதலிய நீர்ப்பறவைகள் வந்து அங்குள்ள மரங்களில் கூடு கட்டும். அடைகாக்கும் பறவை வெடியோசைக்கு அஞ்சிக் கூட்டை விட்டெழுந்தால், முட்டைகள் குளிர்ந்து கெடும். குஞ்சுகள் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும்.

இதனை உணர்ந்த ஊரார், தாமே முன்வந்து, தீபாவளி நன்னாளிலும் வெடி வெடிப்பதை விட்டொழித்தனர். பறவைகளும் கைம்மாறு செய்யாமல் இல்லை. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும்.

வெடியை விரும்பாத சிறுவரும் உளரோ? அவ்வூர்ச் சிறுவரும் உங்களைப் போன்றவரே. ஆயினும், தாம் விரும்பும் ஒன்றைப் பிறவுயிரின்பொருட்டு விட்டுக்கொடுக்கின்றனர். வனத்துறையினர் இனிப்பு வழங்கி அவ்வூராரைப் பாராட்டுவதும் உண்டு.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ தோப்போ இருக்கும். அதன்பொருட்டு நீங்கள் எதனை விட்டுக்கொடுப்பீர்கள்? எண்ணிப் பாருங்கள்.