நாற்று வீட்டில் காற்று ஓடுகிறதா? அளந்து பார்ப்போம்

காணியை விட்டு வந்த எம்மில் பலருக்கு இன்று கையில் இருப்பது ஒரு சிறு வளவு மட்டுமே. அந்தச் சிறு வளவிலும் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை உண்டாக்கலாம். நட்டது போக மிஞ்சியதை அயலவருக்கு விற்கவும் செய்யலாம். இதற்கென்று கம்புகள் நட்டு, மேலே பொலித்தீனும் பக்கங்களில் பூச்சி வலையும் கட்டிச் சிறு நாற்று வீடு அமைப்பதுண்டு. கூரை மழையைத் தடுக்கிறது. வலை வெண் ஈயைத் தடுக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து காற்றையும் தடுக்கின்றன.

மிளகாய் நாற்று பிடுங்கி நடும் பருவத்திற்கு வர ஏறத்தாழ ஐந்து வாரம் எடுக்கும். மூன்றாம் வாரத்தில் நாற்றழுகல் வந்து தட்டுத் தட்டாகச் சரிந்தால், விதைக்குக் கொடுத்த காசு மட்டுமல்ல, மூன்று வாரமும் போய்விடும். மறுபடி விதைத்து எடுப்பதற்குள் மாரிமழையின் முற்பகுதி கடந்துவிடும். ஆகவே காற்றோட்டத்தை முன்கூட்டியே அளந்து பார்ப்பது அவசியம். அதற்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை.

காற்று ஏன் வேண்டும்?

இலையை ஒட்டி மெல்லிய காற்றுப் படை ஒன்று உண்டு. காற்று அசையாவிட்டால் இலை வெளிவிடும் நீராவி அந்தப் படையிலேயே தங்கும். இலை உணவாக்கத் தேவையான காபனீரொட்சைட்டும் அங்கே குறையும். ஈரம் காயாத இடத்தில் பூஞ்சணம் பெருகும். நீர் கூடினாலும் நாற்றழுகல் வரும் என்பது உண்மையே. ஆனால் காற்று ஓடாத மூலையில் அளவாக ஊற்றிய நீரும் கூடுதலாகிவிடுகிறது. மேலும், காற்றில் இலேசாக ஆடி வளர்ந்த நாற்றின் தண்டு குறுகித் தடித்திருக்கும். வயலில் நட்டபின் அது சாயாது.

இரண்டு கேள்விகள்

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது: உள்ளே இருக்கும் பழைய காற்று வெளியேறிப் புதுக்காற்று வருகிறதா? இரண்டாவது: நாற்றின் இலைமட்டத்தில் காற்று அசைகிறதா? வாசலில் நின்று முகத்தில் காற்றுப் படுகிறது என்று திருப்திப்படக் கூடாது. நாற்று நிற்பது வாசலில் அல்ல.

அளக்கும் முறை

ஓர் ஊதுபத்தி, ஒரு மீற்றர் நீளத்திற்கு இரு அடையாளம் இட்ட தடி, செக்கன் காட்டும் மணிக்கூடு, ஒரு கொப்பி ஆகியன போதும். கிடுகும் பொலித்தீனும் எளிதில் தீப்பற்றும். எனவே மண் நிரப்பிய பேணியொன்றைக் கையோடு வைத்திருங்கள். சிறு பிள்ளைகளிடம் ஊதுபத்தியைக் கொடுக்க வேண்டாம்.

1. கதவை வழமைபோல மூடி, சற்று நேரம் அசையாமல் நில்லுங்கள். எமது நடமாட்டமே காற்றைக் கலக்கும்.

2. ஊதுபத்தியை நாற்றின் இலைமட்டத்தில் பிடியுங்கள். புகை சாயும் பக்கமாகத் தடியைக் கிடையாக நீட்டுங்கள்.

3. புகை ஒரு மீற்றர் தூரம் போக எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். சூட்டினால் புகை மேலெழும். அது பக்கமாகப் போகும் தூரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

4. நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளவுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் செய்யுங்கள்.

புகை கலைந்து தெளிவாகத் தெரியாவிட்டால், எருக்கம் பஞ்சிலிருந்து விதையை நீக்கி, பஞ்சைக் காற்றில் விட்டுப் பாருங்கள்.

ஒரு மீற்றர் போக இரண்டு செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். இலைமட்டத்திற்கு இது நல்ல அளவு. பத்துச் செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் அந்த இடத்தில் காற்றுத் தேங்கி நிற்கிறது. ஒரு செக்கனுக்குள் கடந்துவிட்டால் காற்றுக் கூடிவிட்டது. அங்கே இளநாற்று வாடும், வளர்ச்சியும் குன்றும்.

ஒரு கணக்கு

6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் உள்ள நாற்று வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 36 கன மீற்றர். காற்று வரும் நீளப் பக்கத்தில் 1 மீற்றர் உயரத்திற்கு வலை உண்டு. அதாவது 6 சதுர மீற்றர் திறப்பு. வலைக்கு உட்புறமாக அளந்தபோது புகை ஒரு மீற்றர் போக 5 செக்கன் எடுத்தது என்று கொள்வோம். வேகம் செக்கனுக்கு 0.2 மீற்றர். 6 ஐ 0.2 ஆல் பெருக்கினால், செக்கனுக்கு 1.2 கன மீற்றர் காற்று உள்ளே வருகிறது. 36 ஐ 1.2 ஆல் பிரித்தால் 30 செக்கன். அரை நிமிடத்தில் வீட்டுக் காற்று முழுவதும் மாறக்கூடும்.

இப்போது அதே பக்கத்தில் பாதியை உரச் சாக்குகள் மறைத்துள்ளன, மீதி வலையில் புழுதி படிந்துள்ளது என்று கொள்வோம். திறப்பு 3 சதுர மீற்றர். புகை எடுத்த நேரம் 20 செக்கன். வேகம் 0.05 மீற்றர். வரும் காற்று 0.15 கன மீற்றர். காற்று மாற 240 செக்கன், அதாவது நான்கு நிமிடம் ஆகும். கடும் வெயில் வேளையில் ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒரு முறையாவது காற்று மாறினால்தான் உள்ளே வெப்பம் ஏறாது. ஒரே வீடுதான். சாக்கும் புழுதியும் செய்த வேறுபாடு இது.

நாற்றுக் காட்டும் அடையாளங்கள்

வெயில் ஏறிய பின்னும் பொலித்தீனின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நிற்றல், மண்ணின் மேல் பச்சைப் பாசி படர்தல், தண்டு மெலிந்து நெடுத்தல், அழுகல் எப்போதும் ஒரே மூலையில் தொடங்குதல் ஆகியன காற்றுக் குறைவின் அடையாளங்கள். அந்த மூலையைக் கொப்பியில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருத்தும் வழிகள்

முதலில் செலவில்லாத வேலைகள். பக்கங்களை மறைக்கும் சாக்கு, பெட்டி, களை ஆகியவற்றை அகற்றுங்கள். வலையைக் கழுவுங்கள். தட்டுகளை இடைவெளி விட்டு, நிலத்தில் அல்லாது இடுப்பளவு உயரமான மேசையில் வையுங்கள். மேசையின் மேற்பகுதி பலகையாக இல்லாமல் கம்புச் சட்டமாக இருந்தால் கீழிருந்தும் காற்று வரும்.

அடுத்து, சூடான காற்று மேலெழும் என்பதால் முகட்டில் நீளமான திறப்பு விட்டு, அதற்கும் வலை கட்டி, மழை விழாமல் மேலே சிறு கூரை போடுங்கள். வெளியே காற்றில்லாத நாளிலும் இது வேலை செய்யும். காற்றுக்காக வலையைக் கழற்றிவிட வேண்டாம். வெண் ஈ நுழைந்தால் இலைச்சுருள் நோயும் கூடவே வரும். வலைக் கண் நுண்ணியதானால் திறப்பைப் பெரிதாக்குவதே வழி.

சோளகம் பலமாக வீசும் காலத்தில் நிலைமை மாறும். அப்போது காற்றுப் பக்கத்தில் சற்றுத் தள்ளி, அரை உயரத்திற்குக் கிடுகு மறைப்பு வையுங்கள்.

மின்விசிறி வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே வைத்த விசிறி இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவராது. முதற் கேள்விக்கு விடை கண்ட பின்னரே அதற்குக் காசு செலவிடுங்கள்.

கூடிச் செய்வதற்கு

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு நாற்று வீட்டையும் ஒரே நாளில் அளவுங்கள். எந்த மூலையில் காற்றுத் தேங்குகிறது? அதற்குக் காரணம் என்ன? காசில்லாமல் எதை மாற்றலாம்? மாற்றிய பின் மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் அருகருகே எழுதுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் இதைச் செய்து முடித்தால், தட்டில் இடும் விதை வீணாகும் ஆபத்துக் குறையும்.