மோட்டார் வண்டியின் எஞ்சினும் ஆகாய விமானமும்

சென்னை மவுண்ட் ரோட்டில், இப்பொழுது அண்ணா சாலை என வழங்கும் பெருவழியில், முன்னாளில் டாஞ்செலிஸ் என்பார் நடத்திய ஹோட்டல் ஒன்று இருந்தது. விருந்துணவு சமைப்பிப்பதில் பேர்பெற்ற அவர், 1910-ஆம் ஆண்டில், தாமே வரைந்த படங்களின்படி ஓர் ஆகாய விமானத்தைச் செய்வித்தார். கட்டிக் கொடுத்தவர்கள் சிம்ஸன் கம்பெனியார். குதிரை வண்டி கட்டுவதே அக்கம்பெனியாரின் பழந்தொழில். 1903-இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றும் அங்கே செய்யப்பட்டது. ஆகவே மரத்தை வளைத்துத் துணி போர்த்துக் கட்டுதல் அவர்களுக்கு அரிய காரியமன்று. அரியது எஞ்சினே. சிறிய குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் ஒன்று அதிற் பொருத்தப்பட்டு, விமானம் பல்லாவரத்தில் சோதிக்கப்பெற்றது. ரைட் சகோதரர் முதன்முதற் பறந்து அப்பொழுது ஆறாண்டும் சில திங்களுமே கழிந்திருந்தன.

அச்சகோதரர்க்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. மோட்டார் எஞ்சின் செய்வோர் பலர்க்கு எழுதிக் கேட்டும், எடை குறைந்த எஞ்சின் ஒருவரிடத்தும் கிடைத்திலது. முடிவில் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்பவரே அலுமினிய உடலுடைய எஞ்சினை ஆறு வாரத்திற் செய்து முடித்தார். அது தந்தது சுமார் 12 குதிரைச் சக்தி.

இக்காலத்திலோ எடை பெருந்தடையன்று. புதுப்பேட்டைக் கடைகளில் பழைய மாருதி எஞ்சினை எவரும் விலைக்கு வாங்கலாம். சென்ற ஆண்டு நம் மாணவர் இருவர் அங்ஙனமே ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, "ஐயா, இதனால் ஒருவர் ஏறும் சிறு விமானம் பறக்குமா?" என்று வினவினர். பறக்கும் என்பதே விடை. அமெரிக்காவில் பீட்டன்போல் என்பார் 1929-இல் போர்டு 'ஏ' மாதிரிக் காரின் எஞ்சினைக் கொண்டு இருவர் ஏறும் விமானத்தைப் பறக்கவிட்டார். வோக்ஸ்வாகன் காரின் எஞ்சின் காற்றினாலேயே குளிர்வது, எடையும் குறைவு. ஆதலின் ஐரோப்பாவிற் பல சிறு விமானங்களுக்கு அது உதவிற்று. ஆயினும் "பறக்கும்" என்ற சொல்லோடு அம்மாணவரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்குச் செல்லும் காரை நோக்குவோம். ஐம்பது குதிரைச் சக்தி தரவல்ல எஞ்சினாயினும், சமநிலத்தில் அவ்வழி செல்லப் பத்துப் பதினைந்துக்கு மேல் வேண்டுவதில்லை. மந்தைவெளியில் நின்று, திரு.வி.க. பாலத்தில் ஊர்ந்து, இடையிடையே இளைப்பாறியே அது வேலை செய்கிறது. விமானமோ மேலெழும்போது முழுச் சக்தியையும் கேட்கும். எழுந்தபின்னும் முக்காற் பங்கினை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டேயிருக்கும். காரின் எஞ்சின் நின்றுவிடின் தள்ளி ஓரங்கட்டலாம். வானில் ஓரமில்லை.

இனிச் சுழற்சியின் கணக்கு. விமானத்தை இழுக்கும் விசிறியின் குறுக்களவு 1.8 மீட்டர் எனக் கொள்க. அதன் நுனி ஒரு சுற்றில் 5.65 மீட்டர் செல்லும். நிமிஷத்துக்கு 2,700 சுற்றாயின் வினாடிக்கு 45 சுற்று. நுனியின் வேகம் வினாடிக்கு 254 மீட்டர். 5,400 சுற்றாயின் அது 509 மீட்டராகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகமோ வினாடிக்குச் சுமார் 350 மீட்டரே. நுனி ஒலியை முந்துமாயின் பேரிரைச்சல் உண்டாகும், இழுப்பும் கெடும். பீட்டன்போலுக்கு இத்தொல்லை இல்லை. போர்டு எஞ்சின் 3.3 லிட்டர் கொள்ளளவுடையது; 2,200 சுற்றிலேயே தன் 40 குதிரைச் சக்தியையும் தந்துவிடும்; விசிறியை நேரே அதன் தண்டிற் பூட்டினார். விமானத்துக்கென்றே செய்யப்பட்ட காண்டினென்டல் ஓ-200 என்பதும் அதே 3.3 லிட்டரே; அது 2,750 சுற்றில் 100 குதிரைச் சக்தி தருகிறது. மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சின் 85 வரை தரவல்லது. ஆனால் அதற்கு 6,000 சுற்று வேண்டும்.

ஆகவே இடையே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரமோ பட்டையோ இன்றியமையாதது. வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. எஞ்சினின் விசை ஒரே சீரானதன்று. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்குந்தோறும் ஓர் அடி. அவ்வடிகளுக்கும் கனத்த விசிறிக்கும் நடுவே அகப்பட்ட தண்டு முறுகி முறுகி மீளும்; அம்முறுக்கம் தண்டின் இயற்கை அதிர்வோடு ஒத்துப்போகும் வேகம் ஒன்று உண்டு. அவ்வேகத்தில் நெடுநேரம் ஓட்டின் இரும்பும் முறியும்.

பெருங் கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. ஜெர்மனியின் தீலெர்ட் கம்பெனியார் மெர்ஸிடிஸ் காரின் டீஸல் எஞ்சினை ஆதாரமாகக் கொண்டு 135 குதிரைச் சக்தியுள்ள விமான எஞ்சினைச் செய்து 2002-இல் அரசாங்கச் சான்றும் பெற்றனர். அதன் பற்சக்கரப் பெட்டியைத் தொடக்கத்தில் 300 மணிக்கு ஒருமுறை கழற்ற வேண்டியிருந்தது. 2007-இல் ஸ்பையர் என்னும் ஊரில், இவ்வெஞ்சின் இரண்டு பூண்ட விமானம் ஒன்று, பாட்டரி வலுவிழந்திருந்த நிலையில் வெளி மின்சாரத்தால் கிளப்பப்பட்டு மேலெழுந்தது. சக்கரங்களை உள்ளே மடக்கிய கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தது. எஞ்சின்களை ஆளும் கணிப்பொறிகள் மயங்கின. இரண்டும் ஒருங்கே நின்றன. பழைய விமானங்களில் மாக்னெட்டோ இரண்டிரண்டாக இருப்பதைக் கண்டு நகைப்பாருண்டு. அவை பாட்டரியை எதிர்பாராமல் தம் பொறியைத் தாமே உண்டாக்குவன.

கடற்கரை ஊராகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் ஆவியாகுங்கால் கார்புரேட்டர் மிகக் குளிரும். ஈரக்காற்று மிகுந்தவிடத்து, வெளியே வியர்த்துக் கொட்டும்போதே உள்ளே பனிக்கட்டி படிந்து வழியை அடைக்கக்கூடும். மாணவர் இதனை நம்பவேயில்லை.

அவ்விருவரையும் நாம் தடுக்கவில்லை. எஞ்சினைத் தொழிற்கூடத்தின் பின்புறம் கனத்த இரும்புச் சட்டத்திற் பூட்டி, பட்டையும் விசிறியும் மாட்டி, சுற்றிலும் கம்பிவலை கட்டி, முக்காற் சக்தியில் ஐம்பது மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். இறக்கையைப் பற்றிப் பின்பு பேசலாம் என்றோம். நாளுக்கு இரண்டு மணியாக ஓட்டினர். ஆறாம் நாள், பதினொன்றாம் மணியில், பட்டை அறுந்து வலையில் மோதிற்று. எஞ்சினுக்கு யாதொரு கேடுமில்லை. புதுப் பட்டை மாட்டி, மணிக்கணக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கின்றனர்.