ஒரு நிமிடப் படத்திற்கு மூன்று விலைகள்

கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் பாத்திர வணிகம் செய்துவரும் நம் வாடிக்கையாளர் ஒருவர், ஆற்றுகால் பொங்கலுக்கு நான்கு மாதங்கள் இருக்கையில் மூன்று விலைப்புள்ளிகளுடன் நம் கிளைக்கு வந்தார். தம் கடையை அறிமுகப்படுத்தும் ஒரு நிமிட அனிமேஷன் படம் செய்துதர மூவரிடம் அவர் விலை கேட்டிருந்தார். இரண்டாமவர் கேட்ட தொகை முதலாமவரினும் மூன்று மடங்கு. மூன்றாமவருடையது ஏழு மடங்கு. “சார், இதில் என்னை ஏமாற்றுகிறவர் யார்?” என்பதே அவருடைய முதற்கேள்வி.

அக்கேள்விக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு மிகக் குறைந்த விலையை நம்பி அவர் ஒருவருக்கு முன்பணம் கொடுத்தார். திருத்தத்திற்கு மேல் திருத்தமாக நாள்கள் கழிந்து, பொங்கல் முடிந்த பின்னரே படம் கைக்கு வந்தது. இம்முறை செலவிட வேண்டிய தொகையோ, பித்தளைப் பாத்திரங்களும் மண்பானைகளும் கொள்முதல் செய்ய வைத்திருந்த ரொக்கக் கடன் வரம்பிலிருந்து செல்ல வேண்டியிருந்தது.

அவருடன் அமர்ந்து மூன்று விலைப்புள்ளிகளையும் படித்தோம். எவரும் ஏமாற்றவில்லை. மூவரும் மூன்று வெவ்வேறு படங்களுக்கு விலை கூறியிருந்தனர். ‘ஒரு நிமிடம்’ என்பதைத் தவிர நம் வாடிக்கையாளர் வேறொன்றும் தெரிவிக்கவில்லை. எஞ்சியவற்றை ஒவ்வொருவரும் தத்தம் எண்ணப்படி நிரப்பிக்கொண்டனர். அனிமேஷன் படத்தின் விலை என்பது பெரும்பாலும் மனித உழைப்பின் மணிக்கணக்கே. அந்த மணிக்கணக்கைக் கூட்டுபவை எவை என்பதை அறிந்தால், விலையின் பெரும்பகுதி வாங்குபவர் கையிலேயே இருப்பது விளங்கும்.

நீளம்

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஆகவே ஒரு நிமிடத்திற்கு 1,440 சட்டகங்கள். ஓவியம் ஒவ்வொன்றையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் வழக்கமான சிக்கன முறையிலும் 720 ஓவியங்கள் தேவை. கணினி இவ்வுழைப்பைப் பெரிதும் குறைத்துள்ளது; எனினும் நீளம் கூடினால் வேலையும் கூடும். படத்தின் உரையை எழுதி, கடிகாரத்தைப் பார்த்தபடி நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். எழுபது நொடிகள் எடுத்தால் அது எழுபது நொடிப் படம். உரையில் ஒரு வாக்கியத்தை நீக்குவதற்குச் செலவில்லை. வரைந்து முடித்த காட்சியை நீக்குவது வீண்செலவு.

முறை

எழுத்துகளும் எளிய வடிவங்களும் மட்டும் நகரும் படம் பொதுவாக மலிவானது. கதைமாந்தர் நடந்து பேசும் இருபரிமாணப் படம் அதற்கு அடுத்தது. முப்பரிமாணப் படத்தில் ஒவ்வொரு பொருளையும் கணினிக்குள் உருவாக்கி, ஒளியமைத்து, சட்டகம் சட்டகமாகக் கணித்தெடுக்க வேண்டும். மூன்றாம் விலைப்புள்ளி உயர்ந்ததன் காரணம் இதுவே: அதில் மின்னும் பித்தளைப் பானைகள் முப்பரிமாணத்தில் சுழன்றன. பளபளக்கும் உலோகம் சுற்றியுள்ள அனைத்தையும் எதிரொளிப்பதால், கணினி அதைக் கணிக்கக் கூடுதல் நேரம் கொள்ளும். முதல் விலைப்புள்ளியோ, ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருவில் கடைப்பெயரைப் பொருத்தித் தருவது. அதே வார்ப்புருவை வேறொரு கடையும் பயன்படுத்தலாம்.

கதைமாந்தரும் களமும்

ஒரு கதைமாந்தரை உருவாக்க முகம், உடை, அசையும் மூட்டுகள் எனத் தனித்தனி வேலைகள் உண்டு. ஒரு பாட்டியும் பேத்தியும் போதுமான இடத்தில் பத்துப் பேர் கொண்ட கூட்டத்தைக் கேட்டால் விலை ஏறும். கோயில், கடை, தெரு, வீடு என நான்கு பின்னணிகளுக்குப் பதில் கடை ஒன்றே களமானாலும் கதை நிற்குமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

மொழியும் குரலும்

பொங்கலுக்கு மலையாளம் பேசுவோரும், நாகர்கோவில் பக்கத்திலிருந்து தமிழ் பேசுவோரும் வருகின்றனர். ஆதலால் நம் வாடிக்கையாளருக்கு இரு மொழிகளும் தேவைப்பட்டன. கதைமாந்தரே வாய்திறந்து பேசினால், ஒவ்வொரு மொழிக்கும் உதட்டசைவைப் பொருத்த வேண்டியிருக்கும். பின்னணிக் குரல் மட்டும் பேசினால், ஒலியையும் திரையெழுத்தையும் மாற்றுவதே பெரும்பாலும் போதும். இரண்டாம் மொழி தேவை என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னால் திரையெழுத்தைத் தனி அடுக்காக வைத்துக்கொள்வர். இறுதியில் சொன்னால் பல காட்சிகளைத் திரும்பச் செய்ய நேரிடும். இசைக்கும் உரிமக் கட்டணம் உண்டு. புகழ்பெற்ற திரைப்பாடலை அனுமதியின்றி விளம்பரத்தில் சேர்ப்பது சட்டச் சிக்கலில் முடியும்.

திருத்தமும் காலமும்

உரை, கதைப்பலகை, உருவ வடிவமைப்பு, அசைவூட்டம், ஒலிச்சேர்க்கை என வேலை படிப்படியாகச் செல்கிறது. கதைப்பலகை என்பது காட்சிகளை வரிசையாகக் கோட்டோவியங்களில் காட்டும் தாள். அந்த நிலையில் மாற்றம் கேட்பது எளிது. அசைவூட்டம் முடிந்தபின் கேட்பது வீடு கட்டிய பிறகு அடித்தளத்தை நகர்த்தச் சொல்வதாகும். முந்தைய ஆண்டு நம் வாடிக்கையாளர் பட்ட துன்பத்தின் மூலமும் இங்கேயே இருந்தது. கதைப்பலகையை அவர் கேட்கவும் இல்லை, எவரும் காட்டவும் இல்லை. மேலும், அவசர வேலைக்குக் கூடுதல் ஆட்களையும் இரவுப் பணியையும் ஈடுபடுத்த வேண்டும். அதன் செலவும் விலையில் சேரும்.

உரிமையும் வரியும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்துச் செய்வித்த திரைப்படத்தின் முதல் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், செய்வித்தவருக்கே உரியது. ஆயினும் உரையும் இசையும் தனித்தனிப் படைப்புகள். அவற்றின் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவிற்குள் என்றும் சட்டம் கொள்ளும். அடுத்த ஆண்டு படத்தைத் திருத்திப் பயன்படுத்த மூலக் கோப்புகளும் தேவை. அவற்றைத் தருவதற்குச் சிலர் தனிக்கட்டணம் கேட்பர். முன்னரே பேசிவிடுவது நன்று.

விலைப்புள்ளியில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் வேலைக்கு 18 விழுக்காடு வரி 9,000 ரூபாய். வழக்கமான முறையில் பதிவுபெற்ற வணிகர் இதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள இயலும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கு அது முழுச்செலவே.

விலை கேட்குமுன் எழுத வேண்டியவை

நோக்கம், பார்ப்போர், நீளம், முறை, கதைமாந்தர் மற்றும் பின்னணிகளின் எண்ணிக்கை, மொழிகள், குரலையும் இசையையும் ஏற்பாடு செய்பவர், கட்டணமற்ற திருத்தங்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், மூலக் கோப்புகள், வரி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அதே தாளை எல்லோரிடமும் கொடுங்கள். பணத்தையும் ஒரே தவணையில் தரவேண்டாம். ஒப்பந்தத்தின்போது ஒரு பகுதி, கதைப்பலகையை ஏற்றபின் ஒரு பகுதி, முழுப்படத்தைப் பெற்றபின் எஞ்சியது என்று பிரித்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரத்தில் இத்தொழிலுக்கு வேர் உண்டு. தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கிய டூன்ஸ் நிறுவனம் 1999இல் இந்நகரில் தொடங்கப்பட்டது. கேரள அரசின் சி-டிட் நிறுவனம் அனிமேஷன் பயிற்சி அளிக்கிறது. தொலைக்காட்சித் தொடர் செய்யும் நிறுவனத்தின் விலையும், தனியாகப் பணிபுரியும் இளைஞரின் விலையும் ஒன்றாக இராது. சிறு கடையின் ஒரு நிமிடப் படத்திற்கு எவர் பொருத்தமானவர் என்பதை, அவர்கள் முன்பு செய்த படங்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நம் வாடிக்கையாளர் அந்தத் தாளை எழுதினார். இருபரிமாணம், ஒரு பாட்டி, ஒரு பேத்தி, கடை ஒன்றே களம், பின்னணிக் குரலில் இரு மொழிகள். மூவரும் மீண்டும் விலை தந்தபோது ஏழு மடங்கு வேறுபாடு இரண்டு மடங்கிற்கும் கீழே இறங்கியது. கதைப்பலகையைத் தம் துணைவியாரிடம் காட்டி, அவர் சொன்ன இரு மாற்றங்களைப் படம் வரையத் தொடங்குமுன்னரே செய்வித்தார். பொங்கலுக்கு மூன்று வாரங்கள் முன்னதாகப் படம் வந்தது. பாத்திரக் கொள்முதலுக்கான கடன் வரம்பில் அவர் கைவைக்க நேரவில்லை.