டெண்டர் தேடுகிறீர்களா?

செய்தித்தாள் விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி முதல் கணினி வரை விற்க, 2016-இல் தொடங்கிய 'ஜெம்' தளத்தில் விற்பனையாளராகப் பதியுங்கள். தமிழக அரசுத் துறைகளுக்குத் தனி டெண்டர் தளம் உண்டு, ரயில்வேக்கு 'ஐரெப்ஸ்'.

பெரும்பாலான டெண்டர்களுக்கு யூஎஸ்பி டோக்கனில் வரும் கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் தேவை. கடைசி நாளில் அதற்கு அலையாதீர்கள்.

உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு மத்திய அரசு டெண்டர்களில் ஈ.எம்.டி. முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பொதுவாக இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். டெண்டரைக் கண்டதும் முதலில் தகுதி விதிகளைப் படியுங்கள்: கடந்த ஆண்டுகளின் விற்றுமுதல், முன் அனுபவம். விலைக் கணக்கெல்லாம் அப்புறம். திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று, அனுப்பும் நாள்வரை பார்த்துக்கொண்டே இருங்கள்; தேதியே மாறியிருக்கலாம்.