குடும்ப முகாமுக்குப் புறப்படும் தம்பிக்கு

மே மாதம் வந்தால் நம் சபைகள் கொடைக்கானலுக்கு பஸ் பேசிவிடும். இந்த வருஷம் செய்தி கொடுக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சந்தோஷம். பல வருஷம் போய் வந்த கிழவன் சிலதைச் சொல்கிறேன்.

1. கன்வென்ஷன் வேறு, குடும்ப முகாம் வேறு. கன்வென்ஷனில் மேடை ஏறிப் பேசி முடித்தால் கார் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். முகாமில் மூன்று நாள் அவர்களோடு தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டும். வெந்நீர் வரவில்லை என்றால் உன் முகம் எப்படிப் போகிறது என்று சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2. புறப்படும் அன்றைக்கு வீட்டில் சண்டை வேண்டாம். வந்துவிட்டால் தீர்த்துவிட்டுக் கிளம்பு. ஒரு வருஷம், சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவியிடம் கத்தினேன். அவள் ஒன்றும் பேசாமல் தேய்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறும்போது பைக்குள் கைவிட்டால், சட்டைக்கு மேலே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு எலுமிச்சம்பழம். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் எபேசியர் 5-ஐ எடுத்துக் கணவன் மனைவி அன்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். 'ஐயரம்மா வரலையா?' என்று ஒரு பாட்டி என் மனைவியைப் பற்றிக் கேட்டதும் சாப்பாடு இறங்கவில்லை. கடைத்தெருவுக்கு நடந்து போய் எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு போன் போட்டேன். ஓடிவந்து எடுத்தவள் முதலில் கேட்டது, 'சாப்பிட்டீங்களா?' எதிரே மீட்டர் ஓடுகிறது. 'தப்பு என்மேல்தான்' என்று சொல்லி முடிக்க எனக்குப் பதினெட்டு ரூபாய் ஆயிற்று.

3. அதே எபேசியர் 5-ஐ எடுத்தால் வசனங்களை எண்ணிப் பார். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை மூன்றே வசனம். 25-லிருந்து அதிகாரம் முடியும் மட்டும் பெரும்பாலும் கணவன்மாருக்குத்தான். 21-ஆம் வசனமோ எல்லாருக்கும். முன்வரிசை ஆண்கள் நீ 22-லேயே நின்றுவிட மாட்டாயா என்று பார்ப்பார்கள். நிற்காதே.

4. பிள்ளை வளர்ப்பு என்றால் எல்லாரும் ஏலியின் பிள்ளைகளைத்தான் இழுப்பார்கள். சாமுவேலின் பிள்ளைகளையும் சொல். 1 சாமுவேல் 8-ஐப் படி: உத்தமனான அந்தத் தீர்க்கதரிசியின் பிள்ளைகளும் லஞ்சம் வாங்கினார்கள். பையன் கூட வராமல் தனியாக வந்திருக்கும் தகப்பன் ஒருவராவது அங்கே இருப்பார். அவருக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

சங்கீதம் 128-ம் அப்படித்தான். கல்யாண வீட்டில் வாசிக்க நன்றாக இருக்கிறது. பிள்ளையில்லாத தம்பதி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்லப் போகிறாய் என்று முன்னாலேயே யோசித்து வை. தம்பதியர் விளையாட்டு நடத்தச் சொன்னால் நைசாக நழுவிவிடு. கைம்பெண்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

5. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதே.

6. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தி வைத்தால் இருபது நிமிஷத்தில் முடி. தூங்குகிறவர்களைத் திட்டாதே. வருஷமெல்லாம் வேலைக்கு ஓடுகிற ஜனம்.

7. கடைசி நாள் காணிக்கைக் கவர் கொடுப்பார்கள். அங்கேயே தடவிப் பார்க்காதே. பிரிக்காமல் வீட்டில் கொண்டுபோய்க் கொடு. இறங்கும் முன் கடைத்தெருவில் அரைக்கிலோ மலைப்பூண்டு வாங்கிக்கொள். பிள்ளைகளுக்கு சாக்லேட் வாங்கினால், அந்தப் பொட்டலத்தை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வைக்காதே. வத்தலக்குண்டு வருவதற்குள் குழம்பாகிவிடும்.