குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே – இல்லறத்தார்க்கு ஓர் உணவுப் பாடம்

இன்று நம் சிராவக இல்லங்கள் பலவற்றில் குளிர்சாதனப் பெட்டி இடம்பெற்றுவிட்டது. பாலையும் தயிரையும் காக்க அது பெரிதும் உதவுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடையிலிருந்து வந்த பொருள் எதுவாயினும் அதனுள் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்னும் எண்ணமும் நம்மிடையே உடன் வளர்ந்துவிட்டது. இவ்வெண்ணம் பொருந்துமா? எப்பொருள்களை அப்பெட்டிக்கு வெளியே வைத்தல் நலம்? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பொதுவான சமையற் குறிப்புகளில் இத்தகைய பட்டியலைக் கண்டால் தேன், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவையே முன்னிற்கும். தேனை நீக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் ஒன்று. கிழங்கு வகைகளோ ஓருடலில் அளவிறந்த உயிர்களைத் தாங்குவன என்று நம் ஆகமங்கள் கூறும். எனவே அவற்றை விடுத்து, நம் அடுக்களைக்கு உரியவற்றை மட்டும் காண்போம்.

குளிர் செய்வதும் செய்யாததும்

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களின் பெருக்கத்தைக் குளிர் தாமதப்படுத்தும், அறவே நிறுத்தாது. பெட்டியினுள் வைத்த இட்லி மாவு நாள்தோறும் மெல்லப் புளிப்பதும், மூலையில் மறந்துபோன எலுமிச்சம்பழத்தின்மீது பூசணம் படர்வதும் இதற்குச் சான்று. மேலும், பறித்த பின்பும் காய்களும் கனிகளும் சுவாசித்துக்கொண்டிருப்பவை. வெப்ப நாட்டிற்குரிய பல கனிகளின் திசுக்கள் மிகுந்த குளிரைத் தாங்கா.

பழங்களும் காய்களும்

வாழைப்பழம்: சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழ் இதன் தோல் கறுக்கும், பழுக்காத காயாயின் பழுப்பதே தடைப்படும். வீட்டுப் பெட்டியின் குளிரோ 4, 5 பாகை அளவினது. எனவே வாழைச் சீப்பைக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுதலே முறை. பழுக்கும் கனிகள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடும். அது அருகிலுள்ளவற்றையும் விரைந்து பழுக்கச் செய்யும். ஆதலின் வாழைப்பழத்தைப் பிற காய்கனிகளினின்று விலக்கி வைக்க வேண்டும்.

மாங்காய்: பழுக்கும்வரை வெளியே வைக்கோலில் இருக்கட்டும். காயாகவே குளிரில் வைத்தால் பின்னர் நன்கு பழுக்காது, மணமும் குன்றும்.

தக்காளி: குளிரில் இதன் மணப்பொருள்கள் குறையும்; சதையும் மாவுபோல் ஆகும். தட்டில் பரப்பிக் காம்புப் பக்கம் கீழாக வைத்து, பழுத்தவற்றை முதலில் பயன்படுத்த வேண்டும்.

பரங்கி, சாம்பற்பூசணி: நன்கு முற்றிய காயைக் கீறலின்றி வைத்தால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வெளியிலேயே இருக்கும். இவற்றைக் கயிற்றுறியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்ட நம் முன்னோர் செயல் காரணமுடையது. ஒன்றையொன்று தொடாமலும் தரையின் ஈரம் படாமலும் காற்று சூழ்ந்திருக்க அதுவே வழி. முழுத் தர்ப்பூசணிக்கும் வெளியிடமே ஏற்றது. எக்காயாயினும் அரிந்தபின் வெளியே வைத்தலாகாது. அன்றே உண்டு முடித்தல் வேண்டும்.

உலர்ந்த பொருள்களும் நெய்யும்

வெல்லம், உப்பு, சர்க்கரை, காப்பித்தூள், பொடி வகைகள் ஆகியவற்றின் பகை ஈரமே. குளிர்ந்த பாத்திரத்தை வெளியே எடுத்துத் திறந்தால் காற்றிலுள்ள நீராவி அதன்மீது பனித்துளியாகப் படியும். வெல்லம் கசியும், பொடி கட்டியாகும். காப்பித்தூளோ அருகிலுள்ள பண்டங்களின் வாடையையும் ஏற்கும். இவற்றிற்கு இறுக மூடிய, ஈரமற்ற கலமும் உலர்ந்த கரண்டியுமே போதுமானவை.

நன்கு உருக்கிய நெய்யில் நீர் ஏறக்குறைய இல்லை. ஆதலின் நுண்ணுயிர் அதில் எளிதில் வளராது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ் உறையும். நல்லெண்ணெய்க்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருள் இயல்பாகவே உண்டு. ஒளியும் அடுப்பின் வெப்பமும் படாத இடத்தில் இவற்றை வைத்தல் போதும்.

கால வரையறை

இங்கு ஓர் ஐயம் எழும். அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் என்று நம் பெரியோர் வரையறுத்தனர். "குளிர்சாதனப் பெட்டியினுள் என்றும் பனிக்காலந்தானே? அவ்வாறாயின் வரையறை நீளாதோ?" என்று சிலர் வினவுவர்.

அவ்வாறே கொண்டாலும் 7 நாளுக்குமேல் செல்லாது என்பதை நோக்குக. மேலும், மூன்று காலங்களுள் மிகக் குறுகிய வரையறை கடுங்கோடைக்கு அன்று, மழைக்காலத்திற்கே உரியது. வெப்பத்தினும் ஈரத்தையே பெரியோர் மிகுதியும் அஞ்சினர் என்பது இதனால் விளங்கும். பெட்டியினின்று மாவை எடுத்து மூடியைத் திறக்குந்தோறும் அதில் ஈரம் படிகின்றது. உள்ளே பனிக்காலம், வெளியே எடுத்த கணமே மழைக்காலம். ஆகவே பெட்டியைக் காட்டி வரையறையை நீட்டுதல் பொருந்தாது.

சமைத்த சோறு குளிரில் விறைத்துப் போகும். வெளியே கிடந்தாலோ நஞ்சு தோன்றும் நுண்ணுயிர்கள் அதில் பெருகும். உள்ளும் புறமும் இரண்டும் ஏலாத இதற்கு ஒரே வழி, அளவறிந்து சமைத்தல். இரவு உண்ணாமையை மேற்கொண்ட இல்லத்தில் பொழுது சாயுமுன் பாத்திரங்கள் ஒழிந்துவிட்டால் எஞ்சியதை எங்கே வைப்பது என்னும் வினாவே எழாது.

தானியமும் வண்டும்

இனி நம் அறத்தை நேரே தொடும் செய்தி ஒன்று உண்டு. ரவையிலும் பருப்பிலும் வண்டு தோன்றினால் அதை உறைபெட்டியில் சில நாள் வைக்குமாறு பலர் அறிவுறுத்துகின்றனர். பொருள் தூய்மையாவதாகத் தோன்றும் அச்செயலில் நடப்பது யாது? அறிவுடைய சிற்றுயிர்கள் குளிரில் மாள்கின்றன. பூச்சிகொல்லி தெளிக்க அஞ்சும் கை, அப்பெட்டியின் கதவை மூடத் தயங்குவதில்லை. ஓசையின்றி நிகழ்வதால் கொலை கொலையன்றாகிவிடாது.

வருமுன் காத்தலே நமக்குரிய வழி. தூய்மையான தானியத்தை வாங்கியவுடன் வெயிலில் காயவைத்து, ஆறியபின் ஈரமற்ற கலத்தில் இறுக மூடுக. துவரம்பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவி வைத்தல் பழைய வழக்கம். உலர்ந்த வேப்பிலையும் இடுவர். இவையனைத்தினும் மேலானது, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டுவதை மட்டும் வாங்குதல். இவ்வளவு செய்தும் வண்டு தோன்றிவிட்டால் வெயிலில் கொட்டாதீர், அதுவும் கொலையே. நிழலில் முறத்தில் பரப்பி, அவை தாமே அகலக் காலம் கொடுத்து, மீந்தவற்றை மென்மையாக ஒதுக்கி, சிறிது தானியத்துடன் காலடி படாத நிழலிடத்தில் விடுக.

முடிவுரை

குளிர்சாதனப் பெட்டியை நாம் பழிக்கவில்லை. இடம் பெரிதானால் வாங்கும் அளவும் பெரிதாகின்றது. வாங்கிய மிகுதி உள்ளேயே அழுகி, ஓரறிவுயிரின் உடலாகிய காயும் கனியும் ஒருவர் பசியையும் தீர்க்காமல் குப்பையைச் சேர்கின்றன. கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் அடுக்களையில் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுவே. அடுத்த முறை கடைக்குச் செல்லுமுன் நம் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்போம். இருப்பதை உண்டு முடித்தபின் வேண்டுவதை வாங்குவோம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மாவின் கால வரையறை மழைக்காலத்தில் மிகக் குறைவாக அமைந்த காரணம் யாது?
2. வாழைப்பழத்தையும் தக்காளியையும் குளிரில் வைப்பதால் நேரும் கேடுகள் யாவை?
3. தானியத்தில் வண்டு தோன்றாமல் காக்க நம் இல்லத்தில் செய்யத்தக்கன யாவை?

அறம் வளர்க!